இடது கை இஸ்திரிக்காரர்

கூடுவாஞ்சேரி வழியாகக் கடற்கரைக்குப் போகும் காலை மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியின் முதல் கதவை ஒட்டிய இருக்கைகளில் ஒரு சட்டம் அமலில் இருந்தது. அரசாங்கம் போட்ட சட்டம் அல்ல, பாலாம்பாள் டீச்சர் போட்டது. அதனால் யாரும் அதை மீறத் துணியவில்லை.

சட்டம் இதுதான்: தினமும் ஆளுக்கு ஒரு ‘புதுசு’ சொல்ல வேண்டும். நேற்றைய ரயிலுக்கும் இன்றைய ரயிலுக்கும் நடுவில் கண்ணில் பட்டதாக, இதுவரை கவனிக்காததாக ஏதாவது ஒன்று. சீரியலில் பார்த்தது செல்லாது. பேப்பரில் படித்தது செல்லாது. மாமியார், மருமகள், மேனேஜர் பேச்செல்லாம் செல்லவே செல்லாது. சொந்தக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். சொல்ல எதுவும் இல்லாதவள் எழுந்து, கிண்டி வரைக்கும் நின்றுகொண்டு வர வேண்டும். அந்த நேரத்து ரயிலில் கிடைத்த இடத்தை விட்டுக்கொடுப்பது எப்படிப்பட்ட தண்டனை என்று அதில் போய் வந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

சட்டத்துக்கு உட்பட்டவர்கள் நாலு பேர். மாம்பலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தும் பாலாம்பாள் டீச்சர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஸ்ரீவித்யா, எல்லாரிலும் சின்னவள். கோடம்பாக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கும் கன்னியம்மா. அவள் தாம்பரத்தில்தான் ஏறுவாள். அதுவரை அவள் இடத்தை டீச்சரின் கைப்பை காத்துக்கொண்டிருக்கும். நாலாவது ஆள் லோகநாயகி, நுங்கம்பாக்கத்தில் அரசு அலுவலகத்தில் உதவியாளர்.

“நம்ம பல்லாவரம் பிளாட்பாரத்து நாய் இருக்கு இல்ல, அது ரயில் வர்றதுக்கு முன்னாடியே சரியா கதவு நிக்கிற இடத்துல போய் உக்காருது அக்கா” என்பாள் ஸ்ரீவித்யா. “பரீட்சை ஹால்ல ஃபேன் நின்னா பசங்க எழுதறதும் நின்னுடறது. எல்லாரும் ஃபேனையே பாக்கறா” என்பார் டீச்சர். “கொயந்த பொறந்தவொடனே அப்பங்காரன் மொதல்ல வெரல எண்ணுறான். எல்லாவனும் எண்ணுறான்” என்பாள் கன்னியம்மா. மூவரும் சிரிப்பார்கள். பிறகு எல்லாக் கண்ணும் லோகநாயகி பக்கம் திரும்பும். லோகநாயகி பேசாமல் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொள்வாள்.

அந்தக் கோடைக்காலம் முழுக்க அவள் நின்றுகொண்டுதான் போனாள். அவள் கண்ணில் ஒன்றும் படவில்லை. பார்க்கிற இடத்திலெல்லாம் அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: சாத்திய அறைக்குள், பிளாஸ்டிக் நாற்காலியில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அவள் புருஷன் சின்னப்பன்.

சின்னப்பன் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு கியர் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். செய்து முடித்த பல்சக்கரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்லதைப் பாஸ் என்றும் கோளாறானதை ரிஜெக்ட் என்றும் பிரித்துப் போடுவது அவர் வேலை. மற்றவர்கள் கருவி வைத்துக் கண்டுபிடிக்கிற குறையை அவர் விரலால் தடவியே சொல்லிவிடுவார் என்று பெயர். அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்தது. தோசையின் ஓரம் தடித்தால் “ரிஜெக்ட்” என்பார். புடவையில் மடிப்பு கோணினால் “ரிஜெக்ட், மறுபடி கட்டு” என்பார். லோகநாயகி திட்டிக்கொண்டே மறுபடி கட்டுவாள். உள்ளுக்குள் அவளுக்கு அது பிடிக்கும். இவ்வளவு கறாரான மனுஷன் பெண் பார்க்க வந்த அன்று தன்னைப் பாஸ் போட்டுவிட்டார் என்ற பெருமை அவளுக்கு உண்டு.

பொங்கல் கழிந்து தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மகள் கல்யாணமாகி ஓசூரில் இருந்தாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். முதலில் சின்னப்பன் வேலை தேடி அலைந்தார், பிறகு அலைவதை நிறுத்தினார். கேபிள் டிவியை வெட்டச் சொன்னார். அப்புறம் ஒருநாள் படுக்கையறை ஜன்னலைக் காட்டி, “அதைச் சாத்திடு லோகா. போறவன் வர்றவன்லாம் கம்பிகிட்ட நின்னு ‘இன்னும் எதுவும் அமையலையா சார்’னு கேக்கறான்” என்றார். மரக் கதவு போட்ட ஜன்னல் அது, தெருவைப் பார்த்தது. சாத்தினால் பட்டப்பகலிலும் அறை இருட்டிவிடும். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்தான்.

அவருக்கு என்ன என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. காய்ச்சல் கிடையாது, சண்டை கிடையாது. போட்டதைச் சாப்பிட்டார். தோசை தடித்தாலும் சாப்பிட்டார், கருகினாலும் சாப்பிட்டார். அதுதான் லோகநாயகியைப் பயமுறுத்தியது. தாம்பரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். “தனியா ரொம்ப நேரம் விடாதீங்கம்மா, இருட்டுல உக்கார விடாதீங்க. மனசு வேற பக்கம் போயிடும்” என்றார் அவர். தனியாக விடாமல் இருக்க வேண்டுமென்றால் அவள் வேலையை விட வேண்டும். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சுவரைப் பார்க்க வேண்டியதுதான்.

தினமும் சாயங்காலம் வாசலில் வந்து பெல்லை அழுத்திவிட்டு, உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறதா என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்தக் கொஞ்ச நேரம் அவள் வேண்டாத தெய்வம் இல்லை. சத்தம் கேட்ட பிறகுதான் செருப்பைக் கழற்றுவாள்.

ஒருநாள் அப்படி வந்தவள் காலைச் சாய்த்துச் சாய்த்து அடுப்படிக்குப் போனாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏன் நொண்டறே?”

வாரக்கணக்கில் அவர் தானாகக் கேட்ட முதல் கேள்வி. லோகநாயகி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, ரயிலையும் சட்டத்தையும் கிண்டி வரைக்கும் நிற்பதையும் ஒன்று விடாமல் சொன்னாள். சின்னப்பன் கேட்டுக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். போகட்டும், கேட்டாரே என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலை அவள் சாப்பாட்டு டப்பாவை மூடும்போது வந்து நின்றார்.

“தண்ணி லாரி வரும் இல்ல, அது மெயின் ரோட்டுல ஹாரன் அடிக்கும்போதே மைனாங்க வந்து எதிர் மதில்ல வரிசையா உக்காந்துடும். லாரி அப்புறம்தான் வரும். ஒழுகற தண்ணிக்காக. போற வழியில பாரு.”

அது தண்ணீர் இல்லாத வருஷம். தெருமுனையில் இருந்த கறுப்புத் தொட்டிக்கு லாரி வந்தால்தான் அந்தத் தெருவே குளிக்கும். லோகநாயகி தெருவைத் தாண்டும்போது ரயில் போய்விடும் என்ற அவசரத்தில் மதிலையும் பார்க்கவில்லை, மைனாவையும் பார்க்கவில்லை. ஆனால் தாம்பரம் தாண்டியதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. “எங்க தெருவுல மைனாங்க லாரி ஹாரனுக்கு வரிசையா வந்து உக்காருது” என்றாள்.

“கண்ணால பாத்தியா?” என்றார் டீச்சர்.

“பாத்தேன் டீச்சர்” என்றாள் லோகநாயகி, கொஞ்சமும் கூசாமல்.

“அப்போ அதுங்க நம்ம ஜனங்கள விட உஷாரு. எங்க ஏரியால லாரி வந்து நின்ன பின்னாலதான் கொடத்த தேடுறாளுங்க” என்றாள் கன்னியம்மா. லோகநாயகி அன்று நுங்கம்பாக்கம் வரை உட்கார்ந்துகொண்டு போனாள்.

சாயங்காலம் கதவைத் திறந்ததும் சின்னப்பன் கேட்ட முதல் வார்த்தை, “இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க. வரிசையா, நீங்க சொன்ன மாதிரியே.”

அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து, இந்தப் பொய்க்குப் பாவம் ஒட்டாது என்று லோகநாயகி முடிவு செய்துகொண்டாள். நாமும் அவள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் முடிவு செய்திருப்போம்.

அதன்பிறகு தினம் ஒன்று வந்தது. ஈபி கம்பத்தின் நிழலில் நாய் படுத்திருக்கிறது, நிழல் நகர நகர நாயும் நகர்கிறது. தபால்காரர் கடிதம் இல்லாத வீட்டைக் கடக்கும்போது மட்டும் வேகமாக மிதிக்கிறார். கீரைக்காரம்மா கூவுவதற்கு முன்னால் ஒரு காதைப் பொத்திக்கொள்கிறார். எதிர்வீட்டுப் பெண் கோலம் போட்டு முடித்து நாலு எட்டு பின்னால் வந்து பார்த்து, திரும்பப் போய் ஒரே ஒரு புள்ளியைத் திருத்துகிறாள். பெண்கள் பெட்டி இதையெல்லாம் ஆசையாக வாங்கிக்கொண்டது. “அக்கா, உங்க தெருவுக்கு டிக்கெட் போடலாம்” என்றாள் ஸ்ரீவித்யா. லோகநாயகி ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் சின்னப்பன் “இருந்துச்சா?” என்று கேட்டார், அவள் “இருந்துச்சு” என்றாள்.

சின்னப்பன் மாறிக்கொண்டு வந்தார். தினமும் சவரம் செய்தார். கருகிய தோசையைத் தட்டிலேயே ஒதுக்கினார். ஒருநாள் அவள் புடவைத் தலைப்பைப் பார்த்துப் புருவத்தைக் கூடச் சுளித்தார், வாயைத் திறந்து ரிஜெக்ட் என்றுதான் சொல்லவில்லை. நாள் முழுக்க ஜன்னலைத் திறந்து வேடிக்கை பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அவள் வரும் நேரத்தில் அது சாத்தியிருக்கும், அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சந்தோஷத்தை யார் தோண்டிப் பார்ப்பார்கள்?

அப்புறம் ஒரு காலை அவர், “நம்ம வேப்பமரத்தடி இஸ்திரிக்காரர் ரங்கன் இருக்காரே, இடது கைப் பழக்கம். இத்தனை வருஷமா கவனிக்கவே இல்ல பாரு” என்றார். சொல்லும்போது குரலில் ஒரு தயக்கம் இருந்தது.

ரயிலில் அதுவும் நன்றாகவே எடுபட்டது. அன்று சாயங்காலம் லோகநாயகிக்கு ஒரு புடவை இஸ்திரிக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. ரங்கன் அப்போதே தேய்த்துத் தருவதாகச் சொல்லவும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். வேறு வேலை இல்லாததால் பார்த்தாள். பெட்டி ரங்கனின் வலது கையில் இருந்தது. கடைசி மடிப்பு வரை வலது கையிலேயே இருந்தது.

“ரங்கா, நீ இடது கையிலயும் தேய்ப்பியா?”

“இன்னாக்கா பேஜார் பண்ற. எடது கைல தேச்சா உன் பொடவ இன்னாத்துக்கு ஆவறது?”

வீட்டுக்கு வந்தாள். கதவு திறந்தது.

“இருந்துச்சா? இடது கைதானே?”

இத்தனை நாளும் வாய் கூசாமல் பொய் சொன்னவளுக்கு, அன்று பார்த்து உண்மை வந்து தொலைத்தது. “இல்லீங்க. வலது கை. நானே நின்னு பாத்தேனே.”

“நல்லா பாத்தியா?” என்றார் சின்னப்பன்.

“நல்லா பாத்தேன். அவரையே கேட்டும் பாத்தேன்.”

“அப்ப மைனா? நாய்? அதெல்லாம் இருந்துச்சுன்னியே.”

லோகநாயகி தலையைக் குனிந்துகொண்டாள். “ரயிலுக்கு ஓடற அவசரத்துல எதையும் பாக்கலீங்க. உங்க மனசு கோணக் கூடாதேன்னு சொன்னேன்.”

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ஓஹோ” என்று மட்டும் சொன்னார். அறையிலிருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, கூடத்தில் பின்பக்கச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

அவள் படுக்கையறைக்குள் போய் ஜன்னலைத் திறக்கப் பார்த்தாள். தாழ்ப்பாள் துருவேறி நகரவில்லை. அதன் மேல் சிலந்தி வலை, தூசி படிந்து, ஒரு நூல்கூட அறுபடாமல் இருந்தது. அந்த ஜன்னலை யாரும் திறந்து மாதக்கணக்காகிவிட்டது. அப்படியானால் இவர் எந்த மைனாவைப் பார்த்தார்? எந்த நாயைப் பார்த்தார்? ஒரு தடவை அவள் சீக்கிரம் வீடு திரும்பி, தன் சாவியால் திறந்துகொண்டு வந்து, இந்த அறைக் கதவைத் தள்ளியது நினைவுக்கு வந்தது. வெறும் சுவரைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அன்று அதை நல்ல சகுனமாக நினைத்திருந்தாள். டாக்டர் சொன்னது இதுதான். மனசு வேறு பக்கம் போய்விட்டது.

மறுநாளே ரங்கனை விட்டுத் தாழ்ப்பாளைத் தட்டித் திறந்து, இரண்டு கதவையும் விரியத் தள்ளி, காற்றில் சாத்திக்கொள்ளாதபடி துணிக்கொடிக் கயிற்றால் இழுத்துக் கட்டினாள். அறையெல்லாம் வெளிச்சம். “வந்து உக்காருங்க, தெருவைப் பாருங்க” என்று கெஞ்சினாள். சின்னப்பன் வாசற்படிவரை வந்தார். திறந்த ஜன்னல் வழியே தெரிந்த இஸ்திரி வண்டியைப் பார்த்தார், ரங்கனின் கையைப் பார்த்தார். எதிரே வெறும் சுவரைப் பார்த்தார்.

“வேணாம் லோகா. அந்த ரூமே வேணாம்.”

அதற்குப்பிறகு அவர் புதுசு எதுவும் சொல்லவில்லை. சவரமும் நின்றது. லோகநாயகி மறுபடியும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பயணம் செய்தாள். டீச்சர் இரண்டு தடவை, “உக்காரு லோகநாயகி, சட்டம் கெடக்கட்டும்” என்று சொல்லியும் அவள் உட்காரவில்லை. நிற்பது அவளுக்கு வேண்டியிருந்தது. பெல்லை அழுத்திவிட்டுக் காத்திருக்கும் நேரம் முன்பைவிட நீண்டுவிட்டதாகத் தோன்றியது.

அப்படி அவள் நின்றுகொண்டிருந்த ஒரு காலையில் தாம்பரத்தில் கன்னியம்மா ஏறினாள். உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

“இன்னைக்கு என்னுதுதான் மொதல்ல. நேத்து நான் செத்துப் பொயச்சேன். ஆஸ்பத்திரில கரண்டு போச்சு. எக்ஸ்ரே ரூம்ல பெருக்கிகினு இருந்தேன், காத்துல கதவு சாத்திக்கிச்சு. கும்மிருட்டு. அந்தக் கதவுல பூட்டு கயட்டின எடத்துல ஒரு ஓட்ட கீது. வெளில போர்ட்டிகோ, நல்ல வெயிலு. நான் தொடப்பத்த வெச்சிகினு நிக்கிறேன், எதுத்த செவுத்துல ஜனங்க தலகீயா நடந்துகினு போறாங்க. காலு மேல, தல கீய. ஆஸ்பத்திரில செத்ததெல்லாம் ஒண்ணா கெளம்பிடுச்சுன்னு நெனச்சேன். பாத்தா அதுல நம்ம வாட்ச்மேன் தனசிங் கீறான். அடப்பாவி, நீ எப்படா செத்த, இப்பதானே டீ வாங்கியாந்தன்னு ஒரே கொயப்பமாப் பூட்ச்சு.”

ஸ்ரீவித்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“இன்னும் கேளு. பெரிய டாக்டரு வண்டி வந்துச்சு. தனசிங் சலாம் வெக்கிறான், எடது கையால. இன்னா திமிருடா உனக்குன்னு கதவத் தொறந்து ஓடியாந்து பாக்குறேன், அவன் வலது கையாலதான் வெச்சிகினு நிக்கிறான்.”

கம்பியிலிருந்து லோகநாயகியின் கை நழுவியது. “திரும்பச் சொல்லு” என்றாள்.

கன்னியம்மா திரும்பச் சொன்னாள். பாலாம்பாள் டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “ஊசித்துளை கேமரா” என்றார் மெதுவாக. “இருட்டு ரூம்ல சின்ன ஓட்டை இருந்தா போதும். வெளிச்சம் நேராத்தான் போகும். மேல இருந்து வர்றது ஓட்டை வழியாக் கீழ போயிடும், கீழ இருந்து வர்றது மேல போயிடும். கையும் இடம் வலமாத் தெரியும். வருஷா வருஷம் போர்டுல படம் போட்டு நடத்தறேன் கன்னியம்மா. ஒரு தடவைகூடக் கண்ணால பாத்ததில்ல. நீ பாத்திருக்கே.”

“டீச்சர்,” என்றாள் லோகநாயகி, “யாராவது அந்த ரூம் கதவைத் திறந்துட்டு உள்ள வந்தா?”

“வெளிச்சம் வந்துட்டா அவ்வளவுதான். வெத்துச் சுவர்தான் தெரியும்.”

வெட்டிய கேபிளின் ஒயரை ஆள் உருவிக்கொண்டு போனது லோகநாயகியின் கண் முன்னால் வந்தது. ஜன்னலின் மரக் கதவில் அது நுழைந்த ஓட்டை அப்படியே இருந்தது. மழைக்கு முன்னால் அடைக்க வேண்டும் என்று அவளே நினைத்திருக்கிறாள்.

ரயில் பல்லாவரத்தில் நின்றது. “நான் இறங்கறேன்” என்றாள். “இத்தனை நாள் நான் சொன்ன மைனா, நாய், எதுவும் நான் பாத்ததில்ல. எங்க வீட்டுக்காரர் பாத்தது. நான் எதையுமே பாக்கல டீச்சர்.”

“பஞ்சாயத்தை நாளைக்கு வெச்சுக்கலாம். ரயில் கிளம்பறது, முதல்ல இறங்கு” என்றார் டீச்சர்.

எதிர்த் திசை ரயில் காலியாக வந்தது. அதில் உட்கார நிறைய இடம் இருந்தும் லோகநாயகி கூடுவாஞ்சேரி வரை கதவோரமாகவே நின்றாள். தெருமுனையை அடைந்தபோது மெயின் ரோட்டில் எங்கோ லாரி ஹாரன் கேட்டது. அவள் நடையை நிறுத்தினாள். வேப்ப மரத்திலிருந்து ஒன்று, மாடிக் கைப்பிடியிலிருந்து இரண்டு, எங்கிருந்தோ மேலும் நாலைந்து, மைனாக்கள் வந்து எதிர்வீட்டு மதிலில் இடம் பிடித்தன. ஒன்றுக்கொன்று தள்ளிக்கொண்டு, மஞ்சள் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, எல்லாமே மெயின் ரோட்டுப் பக்கம் பார்த்து உட்கார்ந்தன. அப்புறம்தான் லாரி திரும்பியது. கம்பத்து நிழலில் நாய் படுத்திருந்தது. நிழல் விலகிய முதுகில் வெயில் பட்டதும் அது எழுந்து ஒரு சாண் நகர்ந்து மறுபடி படுத்தது. நடுத்தெருவில் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு லோகநாயகி அழுதாள். துக்கத்தில் இல்லை.

சின்னப்பன் கூடத்தில் அதே நாற்காலியில் இருந்தார். ஆபீசுக்குப் போனவள் திரும்பி வந்ததைப் பார்த்து, “உடம்பு சரியில்லையா?” என்றார்.

“மைனா இருந்துச்சுங்க. வரிசையா. நாய் நகந்துச்சு. இந்தத் தடவை நான் பாத்தேன்.”

அவர் நம்பவில்லை. அவள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். படுக்கையறைக்குள் நிறுத்திவிட்டு, கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து ஜன்னலைச் சாத்தினாள், அறைக் கதவையும் சாத்தினாள். எல்லாம் கறுப்பாகிவிட்டது. அவளுக்குச் சுவரே தெரியவில்லை. ஒருவேளை டீச்சர் சொன்னது வேறு, இவருக்கு நடந்தது வேறோ என்று நினைத்தாள். கண் இருட்டுக்குப் பழகப் பழக, சுவரில் ஏதோ நீலம் தெரிந்தது. கீழே நீலம். அது வானம். மேலே தெரு. வேப்பமரம் கிளைகளைக் கீழே தொங்கவிட்டு ஆடியது. தலைகீழாக ஒரு சைக்கிள் சத்தமில்லாமல் போயிற்று. இஸ்திரி வண்டிக்குப் பின்னால் ரங்கன் தலைகீழாக நின்று, இடது கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்குத் தெரியுதா?” என்றார் சின்னப்பன்.

“தெரியுதுங்க.”

“நிஜமாத் தெரியுதா, இல்ல என் மனசு கோணக் கூடாதுன்னு சொல்றியா?”

“கேபிள் ஓட்டை வழியா வருதுங்க. எல்லாருக்கும் இப்படித்தான் தெரியுமாம். கை மாறித்தான் தெரியுமாம்.”

சின்னப்பன் கட்டிலில் உட்கார்ந்தார். “எனக்கு மண்டை கழண்டுபோச்சுன்னு நெனச்சேன் லோகா. யார்கிட்ட சொல்றது? அதான் தினம் ஒண்ணை உன்கிட்ட சொல்லி, நீ பாத்துட்டு வந்து என்ன சொல்றேன்னு காத்துக்கிட்டிருந்தேன். நீ இருந்துச்சுன்னு சொன்னா, அன்னைக்கு ராத்திரி தூங்குவேன்.”

அத்தனை சாயங்காலமும் பெல் அடித்துவிட்டு வெளியே ஒருத்தி பயந்துகொண்டு நின்றபோது, கதவுக்கு உள்ளே ஒருவர் அதே பயத்தோடு நின்றிருக்கிறார். லோகநாயகிக்குத் தன்னை நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அதற்கு இப்போது நேரமில்லை. இந்த மனுஷன் வெறும் வார்த்தைக்குப் பாஸ் போடுகிறவர் இல்லை, அதுவும் தன் வார்த்தைக்கு இனிமேல் போடவே மாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

“இங்கயே இருங்க. சுவரைப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். ஜன்னலுக்கு நேரே, வெயிலில், லாரி சிந்திய ஈரத்தில் போய் நின்றாள். வலது கையை நன்றாக உயரே தூக்கினாள். கீரைக்காரம்மா கூடையோடு நின்று பார்த்தார். எதிர்வீட்டுப் பெண் வாசலுக்கு வந்தாள். மதிலில் மைனாக்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தன.

“இன்னாக்கா, பஸ்ஸ நிறுத்துறியா? இந்தத் தெருவுல பஸ்ஸு வராதே” என்றார் ரங்கன்.

லோகநாயகி சாத்திய ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை வலித்தது. உள்ளேயிருந்து சத்தம் எதுவும் வரவில்லை.

அப்புறம் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து, “இடது கை” என்றது குரல்.

“வலது கைங்க” என்று தெருவிலிருந்து கத்தினாள் லோகநாயகி.

உள்ளே கட்டில் நகரும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. மரக் கதவு ஒரு விரற்கடை திறந்து, அந்த இடுக்கில் சின்னப்பனின் ஒரு கண் தெரிந்தது. அது அவள் தலைக்கு மேலே நின்ற வலது கையைப் பார்த்தது. ஈரத்தில் நனைந்த புடவையைப் பார்த்தது, அவசரத்தில் தாறுமாறாகிப்போன மடிப்பைப் பார்த்தது.

“கை பாஸ். கொசுவம் ரிஜெக்ட். உள்ள வா, மறுபடி கட்டு.”